மாஸ்டர் சொன்ன ஒரு பொய்

மாஸ்டர் இறந்து மூன்று நாளாகியும் வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "அவரை மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும்." மூத்த மகள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள், டீ கொடுத்தாள், காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆட்டி ஆட்டிக் கழுத்தே வலித்தது.

அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடம் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர் அவர். கழுத்தில் விசில் தொங்குமே தவிர அதை ஊதியது குறைவு. மற்ற பள்ளி மாஸ்டர்கள் கோட்டோரம் நின்று காட்டுக்கத்தல் கத்துவார்கள். இவரோ பந்தைத் தவறவிட்டு அழுகிற பெண்ணின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பந்துதானே போச்சு, கை கால் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்பார். வீட்டிலும் அதே ஆள்தான். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் சமையலும் இரண்டு மகள்களுக்குத் தலை பின்னுவதும் அவர் பொறுப்பு. வலை முடிச்சுப் போட்டுப் பழகிய கை. ஜடை இறுகின இறுக்கில் பிள்ளைகளின் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். "என்னடி, நாள் பூரா ஆச்சரியமாவே பாக்குறீங்க?" என்று டீச்சர்கள் கேலி செய்வார்கள்.

அணியில் எல்லோருக்கும் அவர் வைத்த பட்டப்பெயர் உண்டு. நின்ற இடத்திலிருந்தே எகிறிக் குதிக்கிறவள் வெட்டுக்கிளி. வலையை மறித்துக்கொண்டு நிற்கிறவள் கதவு. மூத்த மகளை மட்டும் ஏழாம் நம்பர் என்றே கூப்பிடுவார். வீட்டில் கண்ணு, கோர்ட்டில் ஏழாம் நம்பர். சொந்தப் பெண் என்று சலுகை காட்டுவதாக யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அவளும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள், பதினேழு வயது வரைக்கும்.

அந்த வருடம் தேசியப் பயிற்சி முகாமுக்குப் பள்ளிக்கு ஒருத்தியை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. சீசன் முழுக்க அதிக பாயின்ட் எடுத்தவள் ஏழாம் நம்பர். அதில் யாருக்கும் இரண்டாவது கருத்தே இல்லை. தோழிகள் அவளைத் தூக்கிச் சுற்றாத குறை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் வெட்டுக்கிளியின் பெயர் இருந்தது. தன் கண்ணில்தான் கோளாறோ என்று ஏழாம் நம்பர் மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா நல்லா ஆடுறது? அவளா, நானா?"

"நீதான்."

"அப்புறம் ஏன்?"

"உனக்கு நாங்க இருக்கோம் கண்ணு. அவளுக்கு அப்பா இல்ல. அம்மா சலவைக்கூடத்துல கெடந்து சாகுறா. இத விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?"

"அப்போ உங்க பொண்ணாப் பொறந்தது என் தப்பு?"

 அவர் காயை முன்னைவிடப் பொடியாக நறுக்கினார். மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தன் ஷூவைத் தங்கையிடம் தூக்கிக் கொடுத்தாள். அதோடு சரி, பந்தைத் தொடவில்லை. வெட்டுக்கிளி தேசிய அணியில் பத்து வருடம் ஆடினாள். துறைமுக அலுவலகத்தில் நல்ல வேலையும் கிடைத்தது. ஏழாம் நம்பருக்கு மருந்துக்கடை வேலை. ஸ்டூல் போடாமலேயே அவள் மேல்தட்டு டப்பாவை எடுப்பதைப் பார்த்து, "எனக்கு ஏணியே வேண்டாம்மா" என்று முதலாளி சிரிப்பார்.

மாஸ்டருக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. பள்ளியில் புது நிர்வாகம் வந்தது. "சிரிச்சுக்கிட்டே இருந்தா கப் வராது மாஸ்டர்" என்று சொல்லி அவரை நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கப் போட்டார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை அவர். ஒரு வருடம் கழித்து அந்த அலமாரிகளுக்கு நடுவிலேயே விழுந்தார். இடது பக்கம் அப்படியே போய்விட்டது.

தங்கை கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஷிஃப்ட். ஆக, பாரம் யார் தலையில் என்று கேட்க வேண்டியதே இல்லை. கடையில் அரைநாள் வேலை, மிச்ச நேரமெல்லாம் அப்பாவின் கட்டில். குளிப்பாட்டினாள், புரட்டிப் போட்டாள், ஊட்டினாள். அவளைக் கேட்டு வந்த இரண்டு சம்பந்தமும் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்த வழியே போயின. பழைய மாணவிகள் முதல் மாதம் கும்பலாக வந்தார்கள், பிறகு போனில் விசாரித்தார்கள், பிறகு அதுவும் இல்லை. நாலு வருடம் இப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது அவர் குழறிக் குழறிச் சொன்னார்: "உன்னத்தான்... அனுப்பியிருக்கணும்."

எத்தனையோ வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது கடைவாயில் வழியும் கஞ்சியோடு வந்தது.

"இப்ப சொல்லி என்ன? வாயத் தொறங்க."

அவர் திறந்தார். அதற்குப் பிறகு பதினோராம் நாள் காலையில் அவர் கண் விழிக்கவில்லை.

அவர் போன மூன்றாம் நாள் மத்தியானம், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், வெட்டுக்கிளி வந்தாள். முழங்காலில் கட்டு, நடையில் தாங்கல். மூத்தவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அக்கா, உங்ககிட்ட எப்பவோ சொல்லியிருக்கணும். மாஸ்டர் அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டார். 'எனக்கு வேணாம்ப்பா, அவளை அனுப்புங்க'ன்னு நீங்களே சொன்னீங்களாமே. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் உங்களை நெனச்சுக்கிட்டுத்தான்கா கோர்ட்டுல கால் வெச்சேன்."

 இடத்தைப் பிடுங்கியது போதாதென்று, மூத்தவளுடைய கோபத்தையும் அல்லவா அவர் பெருந்தன்மையாக மாற்றி அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

"நான் அப்படிச் சொல்லல" என்றாள்.

"என்னக்கா?"

"சொல்லவே இல்ல. அழுதேன். உன்னை வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அப்பா உன்கிட்ட பொய் சொல்லியிருக்கார்."

பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. "அப்போ நான் ஆடினது... நீங்க விட்டுக் கொடுக்காத எடத்துலயா?"

"ஆமா."

வெட்டுக்கிளி டீயைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். "ஏன்டி, அவ அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டுமே."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அவ மனசு உறுத்தக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்னார்."

"என் மனசு?"

"அதையும் கேட்டேன். 'அவ என் பொண்ணு, தாங்கிக்குவா'ன்னார்." அம்மா சுவரோரம் மெல்ல உட்கார்ந்தாள். "அவர் நல்லவர்தான்டி. நல்லவரோட குடும்பம் நடத்திப் பாத்தாத்தான் தெரியும்."

உண்மையைச் சொன்னால் நெஞ்சிலிருந்து ஏதாவது இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. ஒருத்தி தூக்கிக்கொண்டிருந்ததை இப்போது இரண்டு பேர் தூக்குகிறார்கள், அவ்வளவுதான்.

நான்காம் நாள் அவள் கடைக்குப் போய்விட்டாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "உங்கப்பா ரொம்ப நல்லவராமேம்மா? ஊரே சொல்லுது."

"ஆமாங்க. ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவரிடம் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள்.