நான்கு நட்சத்திரத்தைப் பெஞ்சில் உட்காரவைத்த பொபினி

குடை எடுத்துச் செல்வதில்லை என்று 2025 ஜூலை மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லண்டனில் எங்கள் வீட்டில் முடிவானது. இரு தரப்பு வாதங்களும் முழுமையாகக் கேட்கப்பட்டன. வானிலை அறிக்கை, பையின் எடை, முன்பொரு முறை நான் குடையை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்த முன்னுதாரணம் ஆகியவை பரிசீலிக்கப்பட்டன. மனைவி தன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தாள். இத்தனைக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தில், ஒரு பெண் தன் அமெரிக்கப் படிப்பைப் பாதியில் விடலாமா என்ற சில்லறை விஷயமும் எடுத்துக்கொள்ளப்பட்டு, அதைப் பாரிஸுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தப் பெண் என் மனைவியின் அண்ணன் மகள் லக்சிகா. பத்தொன்பது வயது, உயரம் ஒரு மீட்டர் எண்பத்தாறு. பிறந்து வளர்ந்தது பாரிஸின் வடகிழக்குப் புறநகரான லெ பிளாங்-மெனிலில். பன்னிரண்டு வயதிலிருந்து கூடைப்பந்து விளையாடுகிறாள். அவள் ஆடிய எல்லா அணிகளுக்கும் ஒரே தந்திரம்தான் இருந்தது: பந்தை லக்சிகாவிடம் கொடு, பிறகு ஒதுங்கு. இதைக் காணொளியில் பார்த்த அமெரிக்கர்கள் அவளுக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். அங்கே கல்லூரிகளுக்கு வரப்போகும் ஆட்டக்காரிகளுக்கு இப்படித்தான் நட்சத்திரம் போடுகிறார்கள். தங்காத விடுதிக்கும் நாம் இணையத்தில் நட்சத்திரம் பார்த்துத்தான் பணம் கட்டுகிறோம், ஆகவே இதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. சோளம் மட்டுமே விளையும் ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையுடன் அவளை அழைத்துக்கொண்டது.

முதல் ஆண்டு முழுவதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த அணியில் இருந்த எல்லோரும் ஏதோ ஓர் ஊரில் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். மாவட்டத்துக்கு ஒரு முதல் மாணவன் வீதம் சேர்ந்து, முதல் செமஸ்டரில் வரிசையாகத் தோற்ற ஒரு பொறியியல் கல்லூரியில் நான் படித்தவன். எனக்கு இது புதிதல்ல. லக்சிகாவுக்குப் புதிது. திரும்பிப் போகப் போவதில்லை, இங்கேயே பக்கத்தில் சென் தெனி பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். வருகிறாளா இல்லையா என்று ஞாயிறு இரவுக்குள் பயிற்சியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள்.

“மச்சான், நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ. கொலிச்சில வேலை செய்யிற ஆள், நீங்கள் சொன்னாக் கேப்பள்” என்றார் அவள் அப்பா பாலன் தொலைபேசியில். நான் வேலை செய்வது கல்லூரி நூலகத்தில், புத்தகம் தாமதமானால் அபராதம் வாங்கும் பிரிவில். அந்த விவரத்தை அவர் கேட்கவில்லை.

பயண விவரம். லண்டனில் சனிக்கிழமை காலை எட்டு மணி ரயில், கார் து நோர் நிலையத்தில் பதினொன்று இருபது. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதை மறக்க வேண்டாம். போக வர நூற்று முப்பத்தெட்டு பவுண்டு, ஆறு வாரம் முன்பே எடுத்திருந்தால் பாதி. முன்வாசலில் வெளியே வந்து இடது கைப்பக்கம் திரும்பி, மறுபடியும் இடது. ஏழெட்டு நிமிட நடையில் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறிவிடும். அதுதான் லா சப்பல். மட்டன் ரோல்ஸ் ஒன்றரை யூரோ, பிளேன்டீ ஒன்றரை யூரோ. கொத்துரொட்டி ஒன்பது யூரோ. ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும், ஆனால் யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பாலன் நிலையத்துக்கே வந்திருந்தார். ஓர் உணவகத்தில் சமையல்காரர், திடகாத்திரமான மனிதர். அன்று கோடை வெயிலில் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, தெருவின் எதிர்ப் பக்கமாகவே நடந்தார். காரணம் ஒரு காய்கறிக் கடையின் கண்ணாடியில் இருந்தது. தேர்த்திருவிழா அறிவிப்புக்கும் மண்டப வாடகை விளம்பரத்துக்கும் நடுவே, பந்தோடு லக்சிகாவின் படம். கீழே ‘எங்கள் லா சப்பலின் நட்சத்திரம்’. கடைக்காரர் ஒட்டியது. ஒட்டிய உரிமையில், பாலனைக் காணும்போதெல்லாம் “அண்ணை, பிள்ளை எத்தினை பொயின்ட் அடிச்சவள்?” என்று அவர் அன்போடு கேட்பார். எட்டு மாதமாக பாலன் முருங்கைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் சென் தெனி சந்தைக்குப் போய்வருகிறார். அங்கே முருங்கைக்காய் கிடைக்காது.

அன்று வேறொரு கடைக்கு எதிரே அகப்பட்டுக்கொண்டார். “பாலன் அண்ணை! எங்கை ஒளிக்கிறியள்?” புடவைக் கடை வாசலில் ரஞ்சினி. ஐம்பது வயது இருக்கும். பாலனின் மனைவி வசந்தியோடு ஊரில் ஒரே பெண்கள் பள்ளியில் படித்தவர். இப்போது பாரிஸ் பழைய மாணவிகள் சங்கத்தின் வலைப்பந்து அணித் தலைவி. மறுநாள் பொபினி என்ற புறநகரில் பக்கத்து ஊர்ப் பள்ளியின் பழைய மாணவிகளோடு ஆண்டுப் போட்டி.

“எங்கடை கோல் போடுற சூட்டருக்கு முழங்கால் ஒப்பரேசன். பழைய மாணவியின்ரை பிள்ளையளும் விளையாடலாம் எண்டு போன வருசம் சட்டம் போட்டிட்டம். லக்சிகாவை அனுப்புங்கோ.”

“அவள் விளையாடுறது பாஸ்கெட் எல்லே?”

“என்ன வித்தியாசம்? பந்து வளையத்துக்குள்ள போகோணும். விசர்க் கதை கதையாமல் ரெண்டு மணிக்குக் கொண்டு வந்து விடுங்கோ.”

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு தேவை. இலங்கையில் பள்ளி மாணவிகளின் விளையாட்டு வலைப்பந்து. கூடைப்பந்துபோலவே தெரியும், ஆனால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. பந்து கைக்கு வந்ததும் நிற்க வேண்டும், மூன்று விநாடிக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். லக்சிகாவுக்கு நான்கு நட்சத்திரம் வாங்கித் தந்த காரியங்கள் எல்லாம் இதில் குற்றம்.

லெ பிளாங்-மெனிலுக்குப் புறநகர் ரயில் பி, இரண்டரை யூரோ, கால் மணி நேரம். அன்று மாலை நான் என் கடமையைச் செய்தேன். பொறுமை, விடாமுயற்சி, நீண்டகால நோக்கு ஆகியவை பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். எனக்கே தூக்கம் வந்தது. லக்சிகா மரியாதையாகக் கேட்டாள்.

“அவைக்கு நான் வேண்டாம் மாமா. கோச் ஒவ்வொரு கிழமையும் கூப்பிட்டு, ‘உன்ரை வளர்ச்சியைப் பாக்க ஆவலா இருக்கு’ எண்டு சிரிப்பா. ‘பந்து உன்னட்டைக் கொஞ்சம் தங்குது, அதைச் சேர்ந்து யோசிப்பம்’ எண்டுவா. பிறகு வாங்கில இருத்துவா.” பெஞ்சைத்தான் வாங்கு என்கிறாள். “நல்லவ. ஒருநாளும் ஏசேல்லை. போகச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் சிரிக்கிறா.”

பாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “லெஸ் தொம்பே, பப்பா” என்று பிரெஞ்சில் முடித்துவிட்டாள். விட்டுவிடுங்கள் என்று பொருள். தெரியாதவர்களுக்கும் அந்தத் தொனியில் விளங்கும். ரஞ்சினியின் அழைப்பை மட்டும் அவள் மறுக்கவில்லை.

ஞாயிறு பொபினி. கார் து நோரிலிருந்து ஐந்தாம் எண் மெட்ரோ, கடைசி நிறுத்தம், இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நகரசபை மைதானத்தில் சுமார் நூற்றைம்பது பேர், பத்துப் பாத்திரம் சோறு, இரண்டு ஒலிபெருக்கி. நேரக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. “அவர் இந்தியாக்காரர், நடுநிலை” என்றார் ரஞ்சினி. இந்தியா நடுநிலை என்று யாழ்ப்பாணத்தார் சொல்லக் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. ஆட்சேபம் எழுவதற்குள் நிறுத்தக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆறு நடுவயதுப் பெண்களுக்கு நடுவே லக்சிகா விளக்குக் கம்பம்போல நின்றாள். கோல் போடும் இடம் கொடுத்திருந்தார்கள். எதிரணி முகத்தில் கவலை தெரிந்தது, மூன்று நிமிடம்தான். பந்து வந்ததும் பழக்கத்தில் தரையில் தட்டினாள்: விசில். இரண்டடி எடுத்து வைத்தாள்: விசில். மூன்றாவது முறை தட்டவில்லை, நடக்கவில்லை, யாரை ஏமாற்றலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். மூன்று விநாடி முடிந்தது: விசில்.

“எடி, பந்து என்ன உன்ரை சீதனமே? விடடி!” மைதானத்தின் மறுகோடியிலிருந்து ரஞ்சினி.

பாதி நேரத்தில் ஒன்பதுக்குப் பதினான்கு என்று பின்தங்கியிருந்தார்கள். ரஞ்சினி தண்ணீர் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, ஆலோசனை எதுவும் நடத்தாமல் சொன்னார்: “லக்சிகா, நீ இரு.”

பாலன் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிள்ளையைத் தேற்ற அழைத்துவந்த இடத்திலும் அவளை உட்காரவைத்துவிட்டார்கள், அதுவும் முழங்கால் பட்டி கட்டிய பெண்களுக்காக. என் தூது அந்த நொடியில் முடிந்துபோனது என்றே நினைத்தேன்.

அவள் இடத்துக்கு வேறொரு மாமி எழுந்துபோன பிறகும், பெஞ்சில் ஒருவர் அணிச் சட்டையோடு மிச்சமிருந்தார்: லக்சிகாவின் அம்மா வசந்தி. அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றது. அத்தனை கைப்பைகளிலிருந்தும் குடைகள் வெளிவந்தன. குடை இல்லாத ஒரே ஆள் நான். வசந்தி என்னையும் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டதால், பின்வரும் உரையாடலைத் தவிர்க்க எனக்கு வழியில்லை.

“அம்மா, நீங்கள் இறங்கேல்லையோ?”

“நான் ரிசேவ்.” மாற்று ஆட்டக்காரி என்கிறார்.

“பள்ளிக்கூடத்தில?”

“அங்கையும் ரிசேவ்தான். நாலு வருசம்.”

“நாலு வருசத்தில ஒருக்காலும் விளையாடேல்லையோ?”

“ஒருக்கா விளையாடினனான். ரஞ்சினிக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கினது.” வசந்தி குடையைக் கைமாற்றிக்கொண்டார். “கெதியாச் சுகமாயிட்டுது, அடுத்த மட்சுக்கு முதலே.”

லக்சிகா சிரித்தாள். குடை ஆடி, என் இடது தோள் முழுக்க நனைந்தது. “பிறகு ஏன் இன்னும் வாறியள்?”

“வராமல்? உவள் பிறகு ஆருக்கு ஏசுறது?” ரஞ்சினி நின்ற பக்கம் தலையை ஆட்டினார். “ஏச்சு வாங்கிற ஆக்கள்தான் ரீமில இருக்கிற ஆக்கள். வேண்டாத ஆளுக்கு ஆர் மினக்கெட்டு ஏசுறது?”

இருபது நிமிடத்தில் மழை விட்டது. ரஞ்சினி வந்து, ‘நடு’ என்று எழுதிய மேலங்கியை லக்சிகாவின் மடியில் போட்டார். வலைப்பந்தில் நடு ஆட்டக்காரி மைதானம் முழுக்க ஓடலாம். ஆனால் கோல் போட அனுமதி இல்லை. ஏழு ஆண்டாகக் கூடையில் போட்டே பெயர் வாங்கிய பெண்ணுக்கு, கொடுக்க மட்டும் உரிமையுள்ள வேலை.

“பிடி, பார், குடு. வேறை ஒண்டும் செய்யாதை. விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

முதல் சில நிமிடங்கள் அவள் கை தரையைத் தேடியது எனக்கே தெரிந்தது. பிறகு தேடவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எல்லோர் தலைக்கும் மேலே மைதானம் திறந்து கிடக்கும்போல. பந்து கைக்கு வந்த மறு விநாடி, யாரும் காவலில்லாத ஏதோ ஒரு மாமியின் நெஞ்சுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. அதுவரை அவளிடம் பந்து வந்தால் நின்று வேடிக்கை பார்த்த மற்ற ஆறு பேரும், தங்களிடம் வந்துவிடும் என்ற பயத்திலேயே ஓடத் தொடங்கினார்கள். ரஞ்சினி ஏசுவதை நிறுத்தவில்லை. இப்போது ஏச்சு எல்லோருக்கும் பங்கிடப்பட்டது. இருபத்திரண்டுக்கு இருபது என்று வென்றார்கள். நான் கடிகாரத்தை நான்கு விநாடி முன்னதாக நிறுத்திவிட்டதாக எதிரணி முறையிட்டது. நடுநிலை அத்தோடு முடிந்தது.

என்னை ரயிலேற்ற லக்சிகா கார் து நோர் வரை மெட்ரோவில் வந்தாள். பாதி வழியில் சொன்னாள்: “மாமா, கோச் ஒரு வருசமாச் சொன்னது இதுதான். பிடி, பார், குடு. அவ அதைச் சிரிச்சுக்கொண்டு சொன்னா. நான்தான், என்னை அனுப்பிவிடப் போறா எண்டு நினைச்சன்.”

“இப்போது?”

“நான் வாறன், என்னை இனிச் சிரிக்காமல் ஏசுங்கோ எண்டு எழுதப் போறன்.” ஸ்டாலின்கிராட் நிறுத்தத்தில் எழுதினாள், கார் து நோர் வருவதற்குள் அனுப்பிவிட்டாள். நான் ரயில் ஏறி, ஈரச் சட்டையோடு கால்வாய்ச் சுரங்கம் வரை நன்றாகத் தூங்கினேன்.

யோசித்துப் பார்த்தால், திறமையை அடையாளம் காண உலகம் நிறையப் பணம் செலவழிக்கிறது. அடையாளம் கண்ட பிறகு என்ன குறை என்பதை அந்த ஆளுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல ஆள் வைப்பதில்லை. நானும் சொல்லவில்லை. நான் நீண்டகால நோக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: மெட்ரோவுக்குக் காகிதச் சீட்டு தேடி அலையாமல், நிலையத்திலேயே இரண்டு யூரோவுக்கு ஓர் அட்டை வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். ஞாயிறன்று லா சப்பலில் சாப்பிடுவதானால் பன்னிரண்டரைக்கு முன்பே இடம் பிடியுங்கள். பொபினி மைதானத்தில் நிழலோ கூரையோ கிடையாது, குடை அவசியம். அடுத்த ஆண்டுப் போட்டியில் விளையாட நினைக்கும் பிள்ளைகள் கவனிக்க: ஒரு மீட்டர் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதியில்லை என்று எதிரணிச் சங்கம் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருக்கிறது.

லக்சிகா ஆகஸ்ட் நடுவில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள். நவம்பரில் முதல் ஆட்டத்தில் பதினான்கு நிமிடம் இறக்கினார்கள். அவள் பொயின்ட் எதுவும் எடுக்கவில்லை. பாலன் இப்போது காய்கறியை லா சப்பலில் வாங்குகிறார்.