அந்தரத்தில் நின்ற பையன்

திருத்தணியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில் எனக்கு அதை ஆன் பண்ணத் தெரியும். ஆஃப் பண்ண வாத்தியாரைக் கூப்பிடுவேன். ஒல்லியானவர், ஷேவ் பண்ண மறந்த முகம். ஒருநாள் மாலை சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் அவருக்கு இன்டர்வியூ. அங்கே காட்ட, இரண்டு பையன்கள் ஏறி இறங்கும் சீசா பலகை ஒன்றைத் திரையில் செய்துகொண்டிருந்தார். பலகை சாயும் பக்கமெல்லாம் அவர் தோளும் சாயும். பலகையோ நிற்காமல் சுற்றியது.

"சார், இது சீசா இல்லீங்க, ஃபேனு" என்றேன்.

"சிரிச்சிகினு இருக்காதீங்க. இது நிக்கலன்னா அம்மையார்குப்பத்துல அக்காவைக் கட்டுன பாவாவோட தறிக்குத்தான் போவணும்."

எதையெதையோ மாற்றி எழுதினார். பலகை நின்றது. ஒரு பையன் தரையில், இன்னொருவன் அந்தரத்தில். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டார்.

"மேல இருக்கறவன் எப்ப சார் இறங்குவான்?"

"எனக்கு வேலை கெடச்சதும் நானே வந்து இறக்கி வுடறேங்க."

அவர் வரவே இல்லை. வேலை கிடைத்ததா, தறிக்குப் போனாரா, தெரியாது. வகுப்பு முடியும்வரை தினமும் அந்த கேமைத் திறந்து எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்தேன். பையன் மேலேயே இருந்தான்.