நான் ஃபாதராக நடிக்க மறுத்த பகல்

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பிரசங்கம் செய்யத்தான் பயப்படுகிறார்கள். அட, அதெல்லாம் ஒரு பயமா? சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், அப்போது தெரியும்.

பகாவ் டவுன் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் புரோட்டஸ்டண்ட் சபையின் உபதேசியாராக மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலத்தில் ஆறு ஏறி, டவுனுக்குப் போகும் பாதை மூழ்கிவிட்டது. தோட்டத்தில் அமலம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அவர் கத்தோலிக்கர். ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசுமுன்பே உயிர் போய்விட்டால் ஆத்துமா என்ன ஆகுமோ என்று நடுங்கினார். ஃபாதரோ டவுனில் மாட்டிக்கொண்டார். போனில் என்னிடம், "போட் கேட்டிருக்கேன் பிரதர். நான் வர்ற வரைக்கும் அம்மாகூட இருங்க" என்றார்.

வாசலிலேயே அமலம்மாவின் மகன் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுலா. ஃபாதர் வந்துட்டாருன்னு சொல்லிடுறேன். நீங்க எண்ணெய மட்டும் தொட்டு வச்சிடுங்க."

"டேய், விளையாடுறியா?"

"பயந்துக்கிட்டே சாகுறாங்கண்ணே" என்று அழுதான்.

அவன் சொன்னபடி செய்தால் அம்மா நிம்மதியாகக் கண்மூடுவார். ஆனால் மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவில் இன்னொரு மனுஷன் வேண்டாம், கிறிஸ்து போதும் என்பதுதானே நான் புரோட்டஸ்டண்டாக இருப்பதற்கே காரணம்? ஞாயிறுதோறும் தொண்டை கிழியச் சொன்னேனே! அந்த வீட்டு வாசலில் அது எனக்கே போதுமா என்று தெரியவில்லை.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"அம்மா, ஃபாதர் வந்துக்கிட்டிருக்காரு. நான் மேட்டுச் சபை உபதேசியாரு, தேவராஜ்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாவி, கொன்றுவிட்டேனே என்று நினைத்தேன்.

"தெரியும் தம்பி. ஒன் மோட்டாரு சத்தம் கேட்டுச்சே. வாசல்ல அந்தோணி பேசினதும் கேட்டுச்சு. எங்க நீயும் பொய் சொல்லிருவியோன்னுதான் பயந்தேன். ஜெபம் பண்ணு."

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்து சொன்னோம். அவர் வார்த்தை வேறு, என் வார்த்தை வேறு, இடித்துக்கொண்டே போயின. கத்தோலிக்கர் முடிக்கும் இடத்தில் அவர் ஆமென் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் சபையில் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவைகளே' என்று இன்னொரு வரி உண்டு. இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று நானும் நிறுத்திக்கொண்டேன்.

அவர் என் விரலை அழுத்தினார். "உங்க வரி பாக்கி இருக்கே. சொல்லு, கேக்குறேன்."

சொன்னேன். மறுபடியும் ஆமென் சொன்னார்.

ஃபாதர் படகில் வந்து சேர்ந்தபோது அமலம்மா இல்லை. சொட்டச் சொட்ட நனைந்து நின்றவர், "ரொம்பப் பயந்தாங்களா?" என்று கேட்டார்.

"கடைசியில நான்தான் பயந்தேன், ஃபாதர்."

இருவரும் கட்டிலருகே முழங்காலிட்டோம்.

சபைகள் ஒன்றாக வேண்டும் என்று இப்போது கூட்டம் போடுகிறார்கள். போடட்டும், நானும் போகிறேன். ஆனால் என் நம்பிக்கையை ஒளித்துவைத்துவிட்டு யாரோடும் ஒன்றாக முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். புரோட்டஸ்டண்டாகவே சாவேன். எண்ணெய் இல்லாமல் அவரைப் போகவிட்டது சரிதானா என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. ஜெபத்தில் அந்தக் கடைசி வரி வந்தால் நின்றுவிடுகிறேன். காதுக்குள் அமலம்மா "சொல்லு" என்ற பிறகுதான் வாய் திறக்கிறது.