இரண்டு கலெக்டர்களுக்கு ஒரு ஜெபம்: சித்தூரிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு

திருப்பதிக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னதும் மூன்று பேர் லட்டு கேட்டார்கள். நான் போனது மலைக்கு அல்ல. என் அக்கா சுகிர்தத்துக்கு மார்பில் ஒரு கட்டி. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் அதிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவைச் சொல்ல, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அது புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். வைத்தியத்துக்காக அந்தப் பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். நடுநடுவே என் அப்பாவும் வருவார். அவரை விட்டுவிட்டு அந்த ஊரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

திங்கள் மதியம் சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயில், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்டேஷனுக்கு வெளியே சித்தூர் பஸ் அடிக்கடி கிடைக்கும். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மாங்காய்க் காலம் என்பதால், சித்தூரை நெருங்கும்போது மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. பஸ் முழுக்க அந்தப் புளிப்பும் இனிப்புமான வாசனை. ஊரை விட்டு முப்பது வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிற பயம் வந்துவிடுகிறது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசுப் பள்ளியில் டீச்சர், பிள்ளைகளுக்குத் தெலுங்கில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் குடும்பம் மிஷன் காலத்திலிருந்தே சித்தூர் தமிழ்ச் சபையைச் சேர்ந்தது. கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ், ஜெபத்தில் மட்டும் யாரும் பேசாத பழைய வேதாகமத் தமிழ்.

செவ்வாய் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். ஆறரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"எங்கடா போற? பைய கீழ வை. ஜெபம் பண்ணாம வண்டி ஏறுவியா?" என்றாள் அக்கா.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பயணம் கிளம்பும் முன் வீட்டில் எல்லோரும் முழங்காலிட்டு ஜெபிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மற்ற வீடுகளில் இரண்டு நிமிடத்தில் முடியும். எங்கள் வீட்டில் முடியாது. காரணம் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சர்க்கரை ஆலை ஒன்றில் கரும்பு வண்டிகளை எடை போடுகிற வேலை அவருக்கு. பயண ஜெபம் என்றால், ஆளுகிறவர்களிடமிருந்து தொடங்குவார். பிரதமர், முதலமைச்சர், கலெக்டர், ஆலை மேனேஜர் என்று வரிசையாக இறங்கி, பஸ் டிரைவரின் கண்களுக்கும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே ஆசீர்வாதம் கேட்டு, கடைசியில்தான் எங்களிடம் வருவார். அதற்குள் பஸ் போய்விடும். நாயுடுபேட்டையில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்து, இலை போட்டிருந்தார்கள். "சாப்பாட்டுக்கு வந்துட்டோம்ல, கர்த்தர் நல்லவர்" என்றார் நைனா. அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அவர் இளைஞராக இருந்தபோது மாநில எல்லையை மாற்றிப் போட்டார்கள். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஒரே ராத்திரியில் வெளிமாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். தமிழ் படித்த நமக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று சபை முழுக்க ஒரே கலக்கமாம். அப்போது தொடங்கிய ஜெபம் அது. ஆட்சி மாறினால் பெயரை மாற்றிக்கொள்வார், ஜெபத்தை நிறுத்தமாட்டார். தனக்குப் பிடிக்காத கட்சி ஜெயித்தால் குரல் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். ஆலையை மூடிய வருடம் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் மேனேஜர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். பழைய நோட்டு செல்லாது என்று சொன்ன நாட்களில், "பேங்க்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தாரும்" என்று கேட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்கப் போனார். தெலங்கானா பிரிந்தபோது அந்த முதல்வரையும் சேர்த்துக்கொண்டார். "அது இப்ப வேற மாநிலம் நைனா" என்று சொல்லிப் பார்த்தேன். "தம்பி தனிக்குடித்தனம் போயிட்டா, அவன வுட்டுடுவமா?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு அந்த ஜெபம் அக்காவிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் எங்கள் ஜில்லாவும் இரண்டாகிவிட்டது. திருப்பதி தனி, சித்தூர் தனி. ஆகவே அன்று காலை, முட்டி வலிக்க நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா நிதானமாகச் சொன்னாள்: "சித்தூர் கலெக்டரையும் திருப்பதி கலெக்டரையும் நீர் ஆசீர்வதித்தருளும். எல்லை தாண்டிப் போகிற எங்கள் காரியத்தையும் உமது சித்தப்படி வாய்க்கச் செய்யும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் போய்விட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எட்டு மணிக்குத்தான் கிளம்பியது. தூரம் எழுபது கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். எனக்கு 110 ரூபாய். பெண்களுக்கு இப்போது இலவசம், ஆந்திர முகவரியுள்ள ஆதாரைக் காட்டினால் போதும். கண்டக்டர் பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும், "கவர்மென்டுக்கு ஜெபம் பண்ணது வீண் போகல பாத்தியா" என்றாள் அக்கா. சந்திரகிரி வந்ததும் இடது பக்கம் மலை தெரியத் தொடங்கும். பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முன் சீட்டில் ஒரு குடும்பம், மூன்று தலைமுறையும் முடி காணிக்கை கொடுக்கப் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஏதோ ஒரு கவலை, எல்லோரும் யாரிடமோ ஒப்படைக்கப் போகிறார்கள் என்று தோன்றியது.

பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர், "கொண்டகா சார்?" என்று கேட்டார். மலைக்கா என்கிறார். ஆஸ்பத்திரி என்றதும் சட்டென்று தமிழுக்கு மாறினார். "யாருக்கு, அம்மாவுக்கா? ஒண்ணும் ஆவாது. பெருமாளு கீழ இருக்கறவங்களையும் பாத்துக்கினுதான் இருக்காரு."

"உன் புள்ளைங்களும் நல்லா இருக்கணும்பா" என்றாள் அக்கா. அவர் கேட்டது எண்பது, அறுபதுக்கு வந்தார்.

பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரே பதினொன்றுக்குத்தான் வந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், ஏழு மணி பஸ்ஸில் வந்து என்ன கிழித்திருப்பாய் என்ற கேள்வி இருந்தது.

டாக்டர் இளம்பெண். சுற்றி வளைக்காமல் தெலுங்கில் சொன்னார். புற்றுநோய்தான். சிறியதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை, பிறகு மருந்து என்றார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஸ்கூல் தெறந்துட்டாங்களே, நான் எப்ப போயி சேரலாம்?"

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவன் நான். அந்த உரிமையில் கத்தினேன். "ஊர்ல இருக்கற கலெக்டருக்கெல்லாம் ஜெபம் பண்ணியே, உனக்கு இதானா?"

"மெதுவா பேசு. ஜனங்க பாக்கறாங்க" என்றாள். எதிரே இருந்த ஓட்டலுக்குள் என்னை இழுத்துப்போய் கேழ்வரகுக் களியான ராகி சங்கடி வாங்கிக்கொடுத்தாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள். "அம்மாவுக்கு ஒடம்பு முடியாதப்ப நைனா எவ்ளோ ஜெபம் பண்ணாரு, கண்டியா? அம்மா போயிட்டாங்க. மறுநாள் காத்தால எழுந்து பாக்கறேன், அதே எடத்துல முட்டி போட்டுக்கினு இருக்காரு. எனக்கு வந்த கோவம் சொல்ல முடியாது. எதுக்குன்னு கேட்டேன். 'அவரு குடுக்கலன்னு நான் எங்கம்மா போறது, வேற வூடு தெரியாதே'ன்னாரு. எனுக்கும் தெரியாது. துன்னு, ஆறுது பாரு."

சாப்பிட்டேன்.

இனி, வைத்தியத்துக்காகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முந்தின நாளே போகிறவர்கள் பஸ் நிலையத்தைச் சுற்றித் தேடாமல் திருச்சானூரில் லாட்ஜ் பாருங்கள், வாடகை குறைவு. அங்கிருந்து ஊருக்குள் ஷேர் ஆட்டோ இருக்கிறது. தெலுங்கு தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம், பாதிப் பேர் தமிழில் பதில் சொல்வார்கள். வெள்ளி, சனி, ஞாயிறில் பஸ்களில் கூட்டம் தாங்காது, தேதியை நீங்களே முடிவு செய்ய முடியுமென்றால் செவ்வாய், புதனாகப் பாருங்கள். சோதனைத் தாள்களின் நகல் இரண்டு எடுத்து வையுங்கள். டாக்டரின் அறைக்குள் கூடப் போகிறவர், நோயாளியைவிடத் தைரியசாலியாக இருந்தால் நல்லது. எங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை.

திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்தாள். சந்திரகிரி தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே, "தம்பி, பயமா கீதுடா" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா போனபோதும் இல்லை, நைனா போனபோதும் இல்லை. "இவ்ளோ நம்பிக்கை வச்சிருக்கியே, உனக்கா பயம்?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட கட்டி தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன், பயமா கீதுன்னு. உன்கிட்டதான் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். புதலப்பட்டு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.