வராத நோய்க்கு ஓ.பி. சீட்டு

மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கிளார்க்காக இருக்கும் ஷைஜாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு.

அம்மா கடைசி நான்கு வருஷமும் ஷைஜாவிடம், "நீங்க ஆரு, டீச்சரா?" என்று மரியாதையாக விசாரித்தபடியே போய்ச் சேர்ந்தாள். பெரியம்மாவுக்கும் அதே அல்சைமர். வரிசையில் அடுத்து நிற்பது தான்தான் என்று ஷைஜாவுக்குத் தோன்றிவிட்டது. கண்ணாடியைத் தேடினால் நெஞ்சு பதறும். அது மூக்கிலேயே இருந்துவிட்டால் இன்னும் பதறும். வருவதற்கு முன்பே பார்த்துத் தடுக்கிற ஓர் இடம் வேண்டும்.

முதல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் கேட்டாள்: "பேஷண்ட் எங்க?"

"நாந்தான்."

"என்ன சுகக்கேடு?"

"இன்னும் வரல்ல."

"வந்த பொறவு வாங்க."

அப்போது வழி ஞாபகமிருக்குமா என்று கேட்க வாயெடுப்பதற்குள் பின்னால் நின்றவர் தள்ளிவிட்டார். இரண்டாவது ஆஸ்பத்திரியில் டாக்டர் பெருந்தன்மையாக வைட்டமின் எழுதினார். மூன்றாவதில் முழு உடல் பரிசோதனை; மூளையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

கடைசியில், நல்ல கிளினிக் கிடைக்க வேண்டுமென்று சர்ச்சின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு கொடுத்தாள். வராத நோய்க்காக ஜெபிக்கிற பழக்கம் அந்தச் சபையில் இல்லை. ஆகவே நோயை வரவழைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகர், "மறதி நோயில் வாடும் சகோதரி ஷைஜாவுக்காக" என்று உருகிக் கண்ணை மூடினார். மூன்றாவது பெஞ்சில் சகோதரி கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஐக்கியத் தலைவி நேசபாய் மறித்தாள். காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்கக் கேட்டாள்: "ஏட்டி ஷைஜா, நான் ஆருன்னு தெரியுதா?"

"நேசபாயக்கா. போன கிறிஸ்மஸுக்கு எனக்க கேக் தட்டைக் கொண்டு போனியளே, இன்னும் வரல்ல."

நேசபாய்க்குக் கண் கலங்கியது. "பாவம், இல்லாததெல்லாம் சொல்லுதா."

மறுநாள், அதே சபைக்காரரான தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைக் கனிவோடு அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். பார்க்கிறவரெல்லாம் பரீட்சை வைக்க, மூன்றாம் வாரம் தன் போன் நம்பரையே ஷைஜா தடுமாறிச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தின் பழைய மாணவி, கிளார்க்கையும் டீச்சர் என்றே கூப்பிடுகிற ஜெனிலாதான் வழி சொன்னாள்; திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கிறாள். "அம்மைக்கு இருந்தா மகளை முன்னாலயே பாக்குத கிளினிக் இஞ்ச உண்டு டீச்சர். பெண்களுக்கு மட்டும், சனிக்கிழமை. கூட இருக்குத ஆளையும் கொண்டு வாங்க."

கூட இருக்கிற ஆள், கணவர் தேவகுமார். களியக்காவிளை தாண்டும்வரை பஸ்ஸில் தூங்கினார். டாக்டரம்மா அவரிடம்தான் முதலில் கேட்டாள், "இவங்க எதையாவது மறக்கறதுண்டா?"

தேவகுமார் ஆழ்ந்து யோசித்தார். "அவ மறந்தா எனக்கு எப்பிடி டாக்டரே தெரியும்? எனக்கு ஞாபகப்படுத்துறதே அவதானே."

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கேள்விகள், சோதனைகள். "இப்போ நோய் இல்லை. பிரஷர் கூடுதல், தூக்கம் குறைவு. அதைச் சரியாக்கலாம். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

நோயில்லாத ஷைஜாவை ஓர் ஆஸ்பத்திரி "வாங்க" என்றது அதுவே முதல் தடவை.

அடுத்த ஞாயிறு, சேதி கேள்விப்பட்ட போதகர் பூரண சுகத்தை அறிவித்து, சாட்சி சொல்ல மைக்கை நீட்டினார். முன் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியர், பதிவேடு நாளையே திரும்பி வரும் என்கிற மாதிரித் தலையாட்டினார். ஓர் அல்லேலூயா சொன்னால் போதும்.

"எனக்கு நோய் வரல்ல," என்றாள் ஷைஜா. "அதனால சுகம் கிடைக்கவும் இல்ல. இனி வரலாம், வராமலும் போகலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்க போய்ப் பாப்பேன்."

தலையாட்டல் நின்றது. இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று சபை போதகரைப் பார்த்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

வெளியே, செருப்பு மாட்டும்போது நேசபாய் பக்கத்தில் வந்து குனிந்தாள். இந்தத் தடவை கிசுகிசுத்தாள்.

"மக்கா, எனக்க அம்மையும் கடைசியில என்னை அறியல்ல. அந்த சனிக்கிழமை பஸ் எத்தன மணிக்கு?"

"ஆறரைக்கு. ரெண்டு பேருமாப் போவலாம் அக்கா."

நேசபாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஐக்கியத்துல மட்டும் சொல்லிராத. ஜெபிச்சுப் போடுவாளுவ."