பச்சை மூடிப் போத்தல்

ஞாயிற்றுக்கிழமை என்றால் என் கணவருக்கு மலைதான். விடிந்ததும் தண்ணீர்மலைப் பக்கமிருந்து காட்டுப் பாதையில் ஏறி, வெயில் சுடுவதற்குள் ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வழியில் ஓடும் ஓடையில் கை நிறைய அள்ளிக் குடிப்பார். வேண்டாம் என்றால், "கொதிக்க வச்சா தண்ணியோட உயிரே போயிடும்லா" என்பார். பேசி ஜெயிக்க முடியாத மனிதர்.

அந்த வாரம் அவர் உயிரே போகப் பார்த்தது. வாந்தி, பேதி. கண் குழிந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்கு நடந்தார். கிளினிக் டாக்டர் உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள் கொடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைக்கச் சொன்னார். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டுமாம்.

நான் காய்ச்சிய தண்ணீர் பிரிட்ஜில் எப்போதும் இருக்கும். முன்னால் இருந்த பச்சை மூடிப் பெரிய போத்தலை எடுத்து, அந்தத் தண்ணீரில் கரைத்தேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். கொஞ்சம் தேறுவார், மறுபடி ஓடுவார். படுத்த பிறகு மலைக்கே போகவில்லையே, இன்னும் ஏன் நிற்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்துவைக்க ஆரம்பித்தேன். கையிலிருந்த கிளாஸைக் காலி செய்துவிட்டு அவர் சொன்னார்:

"மருந்து உப்பா இருந்தாலும் தண்ணி என்னமா இனிக்குது. மலைத் தண்ணியாச்சே."

"எந்த மலைத் தண்ணி?"

"பச்சை மூடிப் போத்தல்லா. போன ஞாயிறு நாந்தான் புடிச்சாந்து பிரிட்ஜ்ல வச்சேன். சொன்னா நீ குடிக்க மாட்டேன்னுதான் சொல்லல."

அவரைப் படுக்கையில் தள்ளிய தண்ணீரிலேயே மருந்தைக் கரைத்து, என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். கட்டிலில் கிடக்கிறவரை அடிக்கவா முடியும்? போத்தலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

"நல்லா கொதிக்கட்டும்மா" என்றார், சுரத்தில்லாத குரலில். தண்ணீரின் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கேத்தல் சூடேறும்போதுதான் ருசி பார்த்த வாய்களெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. வயிறு கடமுடவென்றது. கழிப்பறைக்கு ஓடினேன். கதவு தாழிட்டிருந்தது. உள்ளே அவர்.