தாளிக்கிற கடுகில் ஒரு கீரைப் பாத்தி

போன வாரம், போகிக்கு முதல் நாள். எங்கள் காட்டூர் வீட்டுக் கொல்லையில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், கீரைப் பாத்தி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

நான் கிணற்றடியில் நின்று அவர் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வரும் நாளில் இப்படித்தான் நிற்பார்களாம். நான் எட்டாவதோடு நின்றவள்... அந்தப் பயம் எனக்கு இந்த வயசில், கீரை மூலமாக வந்து சேர்ந்தது!

யார் அவர்? அடுத்த வீட்டு பல்பீரின் அப்பா. பஞ்சாபில் விவசாயம். பல்பீரின் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் திருவெறும்பூரில் ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிஃப்ட். வந்த மூன்று வருஷத்தில் பல்பீர் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டாள். ஆனால் மார்கழி வந்தால் போதும், ‘சர்சோன் சாக்’ என்று ஒரு பெருமூச்சு. கடுகுக் கீரையைக் கடைந்து, மக்காச்சோள ரொட்டியோடு சாப்பிடுவார்களாம்.

போன ஆனி மாசம் ஒரு நாள் சொன்னாள்: “பொங்கலுக்கு அப்பா வர்றாங்க அக்கா. இங்க நாங்க எப்படி இருக்கோம், என்ன சாப்பிடறோம்னு பார்க்கணுமாம். பிடிக்கலேன்னா என்னையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இவர் மட்டும் தனியா இங்க...”

முடிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

“கடுகுதானே? நான் வளர்த்துத் தரேன். உங்க அப்பா முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் பேசட்டும்!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. முளைக்கீரை தெரியும். அரைக்கீரை, தண்டுக்கீரை தெரியும். கடுகைப் பற்றி எனக்கு என்ன தெரியும் — எண்ணெயில் வெடிக்கும் என்பதைத் தவிர?

மளிகைக் கடையில் இரண்டு தினுசு இருந்தது. சின்னக் கடுகு, பெரிய கடுகு. எது நன்றாக வரும்? கடைக்காரருக்கும் தெரியவில்லை. இரண்டையும் வாங்கி, தினுசுக்கு ஒரு பாத்தி ஒதுக்கி, ஆடி பிறந்ததும் தூவினேன். எங்கள் பக்கத்தில் எந்த விதையானாலும் ஆடியில்தானே போடுவோம்?

“தாளிக்க வாங்கினதை மண்ணுல போடுறியே... எண்ணெயை எப்ப ஊத்துவே?” என்றார் வீட்டுக்காரர்.

முளைத்தது. சாண் உயரத்திலேயே பூத்தும் விட்டது, மஞ்சள் மஞ்சளாக! பெருமை தாங்காமல் பல்பீரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். சிரித்தாள். “அக்கா, இது கீரை இல்லீங்க. தலையில வெச்சுக்கலாம்.”

பூ வந்துவிட்டால் தண்டு நாராகிவிடுமாம். வெயில் பட்டால் கடுகு அவசரப்பட்டுப் பூத்துவிடுமாம். குளிர் வேண்டுமாம். காட்டூரில் குளிருக்கு நான் எங்கே போவேன்?

ஐப்பசியில் மறுபடி தூவினேன். மறுநாளே அடைமழை. பாத்தி கரைந்து ஓடி, அடுத்த வாரம் சாக்கடை ஓரமாகக் கடுகுச் செடி முளைத்து நின்றது. “உன் தோட்டம் ரோட்டுக்குப் போயிடுச்சு” — வேறு யார் சொல்வார்? அவரேதான்.

எனக்கு அழுகை வந்தது. பொங்கல் என்ன, எனக்காகத் தள்ளிப்போகுமா?

கார்த்திகை தீபம் முடிந்தது. மழை கொஞ்சம் விட்டது. பாத்தியை மேடாகக் கட்டி, விதையோடு மணல் கலந்து, மூன்றாம் தடவை தூவினேன். வானம் கறுத்தால் போதும், சாக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். “பிள்ளைங்களைக்கூட இப்படிப் போர்த்த மாட்டீங்க அக்கா” என்று கேலி செய்தவளே, ராத்திரி பெய்த தூறலில் சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

அப்புறம் மார்கழிப் பனி வந்தது பாருங்கள்...

சின்னக் கடுகில் இலையும் சின்னதுதான். காரம் மூக்கில் ஏறும். கொஞ்ச நாளில் மொட்டு விட்டது. பெரிய கடுகோ, உள்ளங்கையை விட அகலமாக இலை விட்டது. அடி இலையைக் கிள்ளக் கிள்ள மேலே தழைத்தது! சின்னதில் ஒரு முறம் கீரை தேறினால், பெரியதில் அன்னக்கூடையே நிறையும் போலிருந்தது. கடைந்தால் அத்தனையும் ஒரு சட்டிக்குள் அடங்கிவிடும் என்றாள் பல்பீர். அந்தக் கவலையில் பெரிய பாத்தியை யாரையும் தொட விடவில்லை நான்.

சரி, பெரியவருக்கு வருவோம். மென்று முடித்தார். மகளிடம் ஏதோ சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்னம்மா சொல்றார்?”

“எங்க ஊர் சர்சோன் மாதிரி இல்லைங்கறார்.”

கிணற்றடியை விட்டுப் பாத்திக்கே வந்துவிட்டேன்.

“அதைவிடக் காரமாம். எந்த மாசம் விதைச்சீங்கன்னு கேட்கிறார்.”

அவ்வளவுதான்! நடுவில் பல்பீரை நிறுத்திவைத்து, நான் தமிழ் மாசம் சொல்ல, அவர் விரலை மடக்க... ஆடியில் போட்ட கதையைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர்கள் ஊரில் நம் ஐப்பசியில் போடுவார்களாம். அங்கே அப்போது மழை கிடையாதாம். கொடுத்து வைத்தவர்கள்!

மறுநாள் மத்தியானம் அன்னக்கூடைக் கீரையும் சட்டிக்குள் அடங்கி, மேலே வெண்ணெய் மிதக்க இலைக்கு வந்தது. இரண்டு குடும்பமும் சாப்பிட்ட பிறகும் மிச்சம் இருந்தது. பெரியவர் நாலு ரொட்டி சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு மருமகனைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். பல்பீருக்குக் கண்ணில் தண்ணீர்.

“என்னவாம்?” அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ரிட்டர்ன் டிக்கெட் ஒண்ணு போதும்னு சொல்றார் அக்கா.”

நேற்று அவர் கிளம்பினார். பெரிய கடுகு விதை வேண்டும் என்றார். மளிகைக் கடையில் வாங்கியதுதான் என்று கூச்சத்தோடு சொன்னேன். நம்பவே இல்லை. ஒரு கை அள்ளிக் கர்சீப்பில் முடிந்து, பத்திரமாக உள்பையில் வைத்துக்கொண்டார்.

பஞ்சாபுக்கே கடுகு அனுப்பியவள் நான்! இந்தக் காட்டூரில் வேறு யாருக்கு இந்தப் பெருமை உண்டு, சொல்லுங்கள்?

ஆனால் அங்கே குளிர் எலும்பைத் துளைக்குமாமே... நம்ம ஊர் விதை, தாங்குமா?